அன்னைக்கு கால் சுடவே இல்ல

வீட்டுல சுகர் இருக்கிற அப்பா அம்மா யாராச்சும் இருந்தா இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. எனக்கு வயசு 49, சுகர் வந்து 11 வருஷம் ஆச்சு, விழுப்புரத்துல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். போன வருஷம் சித்திரையில ஆரம்பிச்சு ஆவணி பொறக்குற வரைக்கும் ஒரு கால் புண்ணோட நான் பட்டதை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டே இருந்தேன், இப்பதான் முடிஞ்சுது.

சித்திரா பௌர்ணமிக்கு திருவண்ணாமலை கிரிவலம் போனோம். பொண்ணு பன்னெண்டாவது பரீட்சை எழுதியிருந்தா, அவளுக்காக ஒரு வேண்டுதல். ராத்திரி கூட்டம் தாங்காதுன்னு நாங்க காலையிலயே பத்து மணிக்கு நடக்க ஆரம்பிச்சுட்டோம். மொத்தம் 14 கிலோமீட்டர். எம லிங்கம் தாண்டும்போதே தார் ரோடு கொதிக்குது, பக்கத்துல வந்தவங்கல்லாம் நிழலைத் தேடி ஓரமா ஓடுறாங்க, என் வீட்டுக்காரம்மா ஈரத் துணியைக் கால்ல சுத்திக்கிட்டா. எனக்கு மட்டும் ஒண்ணுமே சுடல. நான் அதை அண்ணாமலையாரோட அருள்னு நினைச்சேங்க. கண்ணுல தண்ணி வந்துச்சு எனக்கு, எம்பெருமான் என்னைத் தாங்கிக் கூட்டிட்டுப் போறார்னு சொல்லி கும்பிட்டுக்கிட்டே ஈசான்ய லிங்கம் வரைக்கும் நடந்தேன்.

மூணு நாள் கழிச்சு வீட்டுல தரையைத் துடைச்சுட்டு இருந்த வீட்டுக்காரம்மாதான் "ஏங்க, இது என்ன ஈரம், நீங்க நடந்த இடமெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு"ன்னு கேட்டா. திருப்பிப் பார்த்தா வலது கால் கட்டைவிரலுக்குக் கீழ, அந்த மேடு இருக்குமில்ல, அங்க ஒரு பெரிய கொப்புளம் உடைஞ்சு தொங்குது. வலி? சுத்தமா இல்ல. வலிக்கலன்னா பெரிய விஷயமா இருக்காதுன்னு நினைச்சேன், என்னோட மொத்தத் தப்பும் அந்த ஒரு நினைப்புலதான் ஆரம்பிச்சுது.

அதுக்கப்புறம் நான் பண்ணதெல்லாம் வரிசையா சொல்றேன், ஏன்னா நம்ம வீடுகள்ல எல்லாரும் பண்றதுதான். மொதல்ல மஞ்சளைக் குழைச்சு போட்டேன். ரெண்டு நாள்ல மேல காஞ்ச மாதிரி ஆச்சு, சுத்தி கெட்டியா காய்ப்பு கட்டிக்கிச்சு, சரி கால் ஆணி போலருக்குன்னு மெடிக்கல்ல கார்ன் கேப் வாங்கி ஒட்டினேன். அந்த கார்ன் கேப்ல இருக்கிறது சாலிசிலிக் ஆசிட், தோலை அரிச்சு எடுக்கிற மருந்து, சுகர்காரங்க கால்ல அதை வைக்கவே கூடாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கடையில தினமும் பத்து மணி நேரம் அதே கால்ல நின்னேன். மேல மூடினா ஆறிடுச்சுன்னு அர்த்தம்னு நினைச்சேன், உள்ள அது ஆழமா போய்க்கிட்டே இருந்திருக்கு. மூணாவது வாரம் குளிர் ஜுரம், சாக்ஸை கழட்டினா ஒரு வாடை. பொண்ணு மூக்கைப் பொத்தல, ஆனா அவ முகம் மாறினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

ஆஸ்பத்திரில அந்த டாக்டரம்மா எடுத்த உடனே கத்தியைத் தொடல. கண்ணை மூடிக்கச் சொல்லிட்டு மெல்லிசா ஒரு நைலான் நரம்பு, அது வளையும்போது சரியா 10 கிராம் அழுத்தம் விழுமாம், அதை உள்ளங்கால்ல அங்கங்க வச்சு "தெரியுதா, தெரியுதா"ன்னு கேட்டாங்க. நானும் தெரியுது மேடம், தெரியுது மேடம்னு சொன்னேன். கண்ணைத் திறந்தப்புறம் வீட்டுக்காரம்மா அழுதுட்டு இருக்கா. அவங்க தொடாதப்பவும் நான் தெரியுதுன்னு சொல்லியிருக்கேன், தொட்டப்ப பேசாம இருந்திருக்கேன். அப்புறம் இசைக்கவை மாதிரி ஒண்ணை தட்டி கட்டைவிரல் எலும்புல வச்சாங்க, அந்த அதிர்வும் தெரியல. சுகர்ல என் கால் நரம்பு மரத்துப்போயிருந்துச்சு. ரத்தம் ஓடுதான்னு டாப்ளர்ல பார்த்தாங்க, அது ஓடுச்சு, அதுதான் என்னைக் காப்பாத்துச்சு. எக்ஸ்ரேல எலும்புக்குப் போகல. மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற HbA1c டெஸ்ட்ல 11.2 சதவீதம், ரொம்ப அதிகம்.

அப்புறம் செத்த சதையை வெட்டி எடுத்தாங்க. மரத்துப்போற ஊசி கூட போடல, தேவைப்படல. நான் முழிச்சுட்டு உக்காந்து என் காலை ஒருத்தர் கத்தியால சுரண்டறதை வேற யாரோ ஒருத்தர் காலைப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டு இருந்தேன். அப்பதாங்க எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துச்சு. அவருக்கும் சுகர்தான், ரெண்டு விரலை எடுத்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்பான்னு நாங்க கூப்பிடும்போதெல்லாம் "வலியே இல்லடா, சும்மா இருங்க"ன்னுதான் சொல்வார். பிடிவாதம்னு நினைச்சு நான் அவரைத் திட்டியிருக்கேன். பாவம், அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கார். அவருக்கு வலிக்கவே இல்ல. அதைப் புரிஞ்சுக்க நான் அந்த டேபிள்ல ஏற வேண்டியிருந்துச்சு.

பத்து நாள் அட்மிஷன், ஆன்டிபயாடிக், மாத்திரையோட இன்சுலினும் சேர்த்தாங்க. ஆனா உண்மையான சிகிச்சை என்னன்னா அந்த இடத்துல எடை விழாம பார்த்துக்கிறதுதான். எவ்வளவு மருந்து போட்டாலும் நீங்க அது மேல நடந்தா ஆறாதுன்னு சொல்லி முட்டிக்குக் கீழ வரைக்கும் காலோட ஒட்டின மாதிரி மாவுக்கட்டு போட்டுட்டாங்க. எடை பாதம் முழுக்கவும் கால் மேலயும் பரவிடும், புண்ணு மேல மட்டும் விழாது. வாரா வாரம் வெட்டி, சுத்தம் பண்ணி, புண்ணோட நீள அகலம் அளந்து எழுதிட்டு, மறுபடி புதுசா போடுவாங்க. மொதல்ல அஞ்சு ரூபா காசு அளவு இருந்துச்சு, ஒவ்வொரு வாரமும் அந்த அளவு நோட்டுக்காகவே காத்திருப்பேன். நாலாவது வாரம் குறையவே இல்ல, கேட்டாங்க, ஒத்துக்கிட்டேன், கடையில ஆள் இல்லைன்னு ரெண்டு நாள் போய் நின்னிருந்தேன். டாக்டரம்மா திட்டல, "சார், கால் முக்கியமா கடை முக்கியமா, நீங்களே சொல்லுங்க"ன்னு மட்டும் கேட்டாங்க. அன்னைக்கே சாவியை மச்சினன்கிட்ட கொடுத்துட்டேன்.

கட்டு மாத்துற தம்பி ஒருத்தர் நல்லா பேசுவார். அவர்தான் பால் பிராண்ட் பத்தி சொன்னார். வெள்ளைக்கார டாக்டர், ஆனா 1914ல நம்ம கொல்லிமலையில பொறந்தவர், 1946ல வேலூர் சி.எம்.சிக்கு வந்து தொழுநோயாளிங்களோட கை கால் ஆபரேஷன்ல பெரிய பேர் எடுத்தவர். அந்தக் காலத்துல தொழுநோய்ல விரல் தானா அழுகி விழுதுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்களாம். ஒரு தடவை துருப்பிடிச்ச பூட்டை அவரால திறக்க முடியல, நோயாளிப் பையன் ஒருத்தன் வந்து சாவியைத் திருகித் திறந்துட்டான், பார்த்தா அவன் விரல் எலும்பு தெரியற அளவுக்கு கிழிஞ்சிருக்கு, அவனுக்குத் தெரியவே இல்ல. விரல் அழுகி விழல, வலி தெரியாததால அடிபட்டு அடிபட்டுத்தான் போகுதுன்னு அந்த மாதிரி ஒவ்வொண்ணா பார்த்து கண்டுபிடிச்சவர் அவர். தொழுநோய் காலுக்குப் போட்ட இந்த மாதிரி மாவுக்கட்டு, மெத்துன்னு இருக்கிற செருப்பு எல்லாம்தான் இப்ப சுகர் காலுக்கும் போடறாங்கன்னு அந்த தம்பி சொன்னப்ப, நான் ரோட்டுல கண்ணீர் விட்டு கும்பிட்டது ஞாபகம் வந்து பேச்சே வரல. சாமி மேல எனக்கு இன்னைக்கும் நம்பிக்கை குறையல. ஆனா சுடறதும் ஒரு அருள்தான்னு எனக்கு யாரும் அதுவரைக்கும் சொன்னதில்ல.

பதிமூணாவது வாரம் புண் மூடிச்சு. மூடின இடம் பழைய தோல் மாதிரி வலுவா இருக்காது, நூத்துல நாப்பது பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ளயே திரும்ப வருதுன்னு சொன்னாங்க. அதைக் கேட்டப்ப புண் வந்த அன்னைக்கு இல்லாத பயம் வந்துச்சு. எம்.சி.ஆர்.னு சொல்ற மெத்து ரப்பர் செருப்பு அளவெடுத்து தைச்சுக் கொடுத்தாங்க, பின்னாடி வார் வச்சது, ஏன்னா கழண்டு போனாக்கூட எனக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளயே தனியா ஒரு ஜோடி. பாத்ரூம் போனாலும் செருப்புதான். வெந்நீரை காலால தொட்டுப் பார்க்கக் கூடாது, முழங்கைய வச்சுப் பார்க்கணும். தேங்காயெண்ணெய் பாதத்துக்குத் தடவலாம், விரல் இடுக்குல தடவக் கூடாது, அங்க துணியால ஒத்தி காய வைக்கணும். நகத்தை நேரா வெட்டணும், மூலையில உள்ள தோண்டக் கூடாது.

ராத்திரி சாப்பிட்டதும் பொண்ணு முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துட்டு வந்து கீழ வச்சு ரெண்டு பாதத்தையும் பார்ப்பா. புறங்கையை வச்சு ரெண்டு காலையும் தொட்டுப் பார்ப்பா, ஒரு கால் மட்டும் ஒரு இடத்துல சூடா இருந்தா அங்க உள்ள எதோ கெட்டுட்டு வருதுன்னு அர்த்தம். தை மாசத்துல ஒரு நாள் "அப்பா, இங்க சுடுதுப்பா"ன்னு சொன்னா. எனக்கு ஒண்ணும் தெரியல, கண்ணுக்கும் ஒண்ணும் தெரியல. மறுநாளே போய் காமிச்சோம், செருப்போட உள் அட்டை அங்க தேஞ்சு போயிருந்துச்சு, மாத்திக் கொடுத்தாங்க, அஞ்சு நாள் கால் ஊனாம கிடந்தேன், சூடு இறங்கிடுச்சு.

போட்டுக்கறதுக்கு முன்னாடி செருப்பை கவுத்து தட்டணும்னு ஒண்ணு சொல்லியிருந்தாங்க. ஏழெட்டு மாசமா தினமும் தட்டுறேன், ஒண்ணும் விழுந்ததில்ல. போன வாரம் தட்டினேன், ஒரு ஸ்டேப்ளர் பின் விழுந்துச்சு, விரிஞ்ச பின், ரெண்டு முனையும் மேல பார்த்த மாதிரி. வீட்டுக்காரம்மா அதைக் கையில எடுத்து வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசல. நான் கடைக்குப் போய் மெஷினை ஆன் பண்றதுக்கு முன்னாடி தரையை ரெண்டு தடவை கூட்டினேன், அப்புறம் காந்தம் ஒண்ணு வாங்கிட்டு வந்து டேபிளுக்கு அடியில எல்லாம் ஓட்டிப் பார்த்தேன், இன்னும் பதினேழு பின் கிடைச்சுது.