இடது பக்கம்

ஜூன் 3

எம்.ஆர்.ஐ. முடிந்தது. உள்ளே இருந்த நேரம் முழுக்க டமடமவென்று சத்தம். அசையாதே என்றார்கள், அசையவில்லை. ரிப்போர்ட் நாளைக்குத்தான்.

ஜூன் 4

எல்5, அதாவது கீழ் முதுகின் கடைசி முள்ளெலும்பு. அதன் இடது பக்கம், பார்ஸ் என்கிற மெல்லிய எலும்புப் பாலத்தில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், திரும்பத் திரும்ப ஏறிய பளுவால் வந்த விரிசல். எலும்புக்குள் வீக்கம், அதன் நடுவே ஒரு மெல்லிய கோடு. டாக்டர் பேனா முனையால் காட்டினார். அவர் காட்டியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. இவ்வளவு சின்னதா?

மூன்று நான்கு மாதம் பந்து வீசக் கூடாதாம். "அதுக்கப்புறம்?" என்றேன். "அதை அப்புறம் பார்ப்போம்" என்றார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, ஸ்கேன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 5

நான் வலது கை பவுலர். உடைந்தது ஏன் இடது?

பிசியோவிடம் கேட்டேன். என்னை எழுந்து நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, மெதுவாகக் காட்டினார். வலது கைக்காரன் பந்தை விடும்போது இடது காலை ஊன்றுகிறான். அதே நேரத்தில் முதுகு பின்னால் வளைகிறது, இடது பக்கம் சாய்கிறது, முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் விசை அந்த ஒரு காலில் ஏறுகிறது. அத்தனையும் மேலே போய் நெருக்குகிற இடம் இடது பார்ஸ். வேகப்பந்து வீசும் பையன்களுக்குப் பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கம்தான் உடையுமாம்.

இடது காலில் மட்டும் நின்று பின்னால் வளையச் சொன்னார். வளைந்தேன். கத்தியும் விட்டேன்.

ஜூன் 6

ஒன்றும் செய்யவில்லை. படுத்திருந்தேன்.

ஜூன் 9

பாட்டிக்குக் காரணம் தெரிந்துவிட்டது: போன். "கூன் போட்டு உட்கார்ந்தா முதுகு போகாம என்ன ஆகும்?" மாமாவுக்கு ஸ்கூல் பை. அப்பாவுக்கு மெத்தை. ஆளுக்கொரு நோய் வைத்திருக்கிறார்கள்.

உண்மை என்னவென்றால், கூன் போட்டு உட்காரும்போதுதான் எனக்கு வலி குறைகிறது. நிமிர்ந்தால், அதிலும் பின்னால் சாய்ந்தால்தான் குத்துகிறது. உட்காருகிற விதம் இந்த எலும்பை உடைக்கவில்லை என்று பிசியோ தெளிவாகச் சொல்லிவிட்டார். எப்படி உட்கார்ந்தாலும் அடிக்கடி எழுந்து நட, அது போதும் என்றார். இதைப் பாட்டியிடம் சொன்னேன். நேராக உட்கார்ந்து சொல் என்றாள்.

ஜூன் 17

இன்று வலி இல்லை.

ஜூன் 18

இன்றும் இல்லை. அப்படியானால் ஏன் வீசக் கூடாது?

ஜூன் 21

அதற்குப் பதில் கிடைத்தது, பிடிக்கவில்லை. வலி போவது வேறு, எலும்பு கூடுவது வேறு. அடிபட்ட எலும்பை உடம்பு முதலில் அரித்து எடுக்கிறது, அதற்குப் பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. அரிக்கச் சில வாரம் போதும். கட்ட மாதக்கணக்கில் ஆகும். ரோட்டைக் கொத்திப் போட்டுவிட்டுத் தார் ஊற்ற ஆள் வராமல் இருக்கும் நாட்கள்போல நடுவில் ஒரு காலம். எலும்பு மிகவும் பலவீனமாக இருப்பது அப்போதுதான். பையன்கள் வலி இல்லை என்று திரும்பவும் வீசப் போவதும் அப்போதுதான்.

போதாக்குறைக்கு, கீழ் முதுகு எலும்பு முழுதாகக் கெட்டிப்பட இருபது வயதும் தாண்ட வேண்டுமாம். வயதில் பெரியவர்கள் போடுகிற அதே ஓவர்களை நாங்கள் பாதி வெந்த எலும்போடு போடுகிறோம்.

ஜூன் 30

பேட் கம்மின்ஸ், ஆஸ்திரேலியாவின் வேகப்பந்து வீச்சாளர். 2011 நவம்பர், ஜோகன்னஸ்பர்க், முதல் டெஸ்ட், 18 வயது. இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட், ஆட்ட நாயகன். நடுவில் முதுகு உள்பட அடுத்தடுத்து காயங்கள். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச், ராஞ்சி.

இதைக் காலையில் படித்தபோது தெம்பாக இருந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் கழித்தும் ஒருவன் திரும்பி வந்து கேப்டன்கூட ஆகலாம். இரவில் அதே வரியைப் படித்தால் ஐந்து வருஷம் மட்டும்தான் தெரிகிறது.

ஜூலை 8

வயிறு, முதுகு பலத்துக்கான பயிற்சிகள். பிளாங்க். பிரிட்ஜ். டெட் பக். மறுபடி பிளாங்க்.

ஜூலை 13

மேட்ச் பார்க்கப் போனேன், போயிருக்க வேண்டாம். என் எண்டிலிருந்து வேறொருவன் வீசினான், விக்கெட்டும் எடுத்தான். கைதட்டினேன். அவன் லேண்ட் ஆகும்போதெல்லாம் என் கண் அவன் இடுப்புக்கே போனது. தோள் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். யாராவது அவனிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமையும் இருக்கிறதுதான்.

ஜூலை 24

ஸ்கூல் கோச்சிடம் என் ஓவர் கணக்கு இருக்கிறது. கிளப் கோச்சிடமும் இருக்கிறது. செலக்‌ஷன் கேம்பில் இருந்தவரிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. மூன்றிலும் நான் அளவோடுதான் வீசியிருக்கிறேன், மூன்று பேரும் நல்லவர்கள்தான். ஆனால் மூன்று நோட்டையும் ஒரே மேஜையில் வைத்துக் கூட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லை. நெட்ஸில் போட்டது எந்த நோட்டிலும் இல்லை. எலும்புக்கு எந்த அணியின் ஜெர்சி என்று தெரியுமா என்ன?

லீவில் சும்மா இருந்துவிட்டு வந்தவனைச் சீசன் தொடங்கிய முதல் வாரமே முழு வேகத்தில் விடுவது அதைவிட மோசமாம். மொத்தம் எவ்வளவு என்பதோடு, எவ்வளவு சீக்கிரத்தில் ஏறியது என்பதும் முக்கியம். எங்களுக்கு ஒவ்வொரு சீசனும் அப்படித்தான் தொடங்குகிறது.

ஆகஸ்ட் 2

மாமா: "பும்ராவுக்கும் இதேதான்டா. ஆபரேஷன் பண்ணிட்டு வந்து போடலையா?" போட்டார். 2023 மார்ச்சில் முதுகில் ஆபரேஷன், ஆகஸ்டில் அயர்லாந்தில் ஆட்டம். அவரைச் சுற்றி எத்தனை பேர் இருந்திருப்பார்கள் மாமா? எனக்கு அம்மாவும் பயிற்சிக்கு ஒரு ரப்பர் பேண்டும்.

ஆகஸ்ட் 3

நேற்று எழுதியது அநியாயம், அம்மா பாவம்.

ஆகஸ்ட் 19

தும்மினேன். இடது பக்கம் ஏதோ இழுத்தது. நாள் முழுக்க அங்கேயே கை.

செப்டம்பர் 11

இரண்டாவது ஸ்கேன். வீக்கம் வடிந்துவிட்டது, கோடு மங்கியிருக்கிறது. "மங்கியிருக்கு என்றால் கூடிடுச்சா?" டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை. சிலருக்கு எலும்பு முழுதாகக் கூடாமலே வலியின்றி ஆடுகிறார்களாம். இது நல்ல செய்தியா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

செப்டம்பர் 15

பந்து கையில். நின்ற இடத்திலிருந்து, பாதி வேகத்தில், வலைக்குள். சீம், பந்தின் தையல், விரலுக்கு மறக்கவில்லை!

செப்டம்பர் 22

வீடியோ எடுத்துப் பார்த்தோம். பின்கால் ஊன்றும்போது என் இடுப்பு நேராக நிற்கிறது, தோள் மட்டும் பின்னால் திரும்பிவிடுகிறது. இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் முறுக்கிக்கொண்டு நிற்பது முதுகு. பந்து வீசும் ஆக்‌ஷனைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்கிறார் பிசியோ. மாற்றினால் வேகம் போய்விடுமா என்றேன். போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார். யாருமே எனக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்வதில்லை.

செப்டம்பர் 25

கிளப் கோச் மெசேஜ்: "ஞாயிறு செமி ஃபைனல். ரெண்டே ஓவர். முடியுமா தம்பி?"

செப்டம்பர் 26

இன்னும் பதில் போடவில்லை. காலையில் எழுந்ததும் ஒற்றைக்காலில் பின்னால் வளைந்து பார்த்தேன். வலிக்கவில்லை. சாப்பிட்டதும் மறுபடி. வலிக்கவில்லை. அம்மா கதவருகே நின்றிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. "யாரோட மெசேஜ்?" என்றாள்.

செப்டம்பர் 27

பிசியோ பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஸ்பைக்ஸும் எடுத்து வரச் சொன்னார்.