கொற்கையில் கடலைத் தேடி

முத்துக்குப் பெயர்போன பாண்டியர் துறைமுகத்தில் போய் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் வாழைத் தோட்டம்தான். கடல் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் முக்காணி வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. ஊரில் ஒரு குளம், ஒரு பழைய வன்னிமரம், வயல்கள்.

"கடல் உள்வாங்கிவிட்டது, அண்ணாச்சி" என்றார் ஆட்டோக்காரர். எனக்கென்னவோ கடலைவிடத் தாமிரபரணியைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்று தோன்றியது. பொதிகைப் பாறைகளை அரித்துக்கொண்டு இறங்கும் ஆறு, சமவெளியில் வேகம் குறையக் குறையச் சுமையை இறக்கிவைக்கிறது. உருண்டைக் கற்கள் அடிவாரத்தோடு நின்றுவிடும்; அடுத்து மணல்; பிறகு வண்டல். நுண்ணிய களிமண் மட்டும் கலங்கலாகவே கடல்வரை வந்து சேரும். உப்புநீர் பட்டதும் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, அடியில் படிந்துவிடுகின்றன. மன்னார் வளைகுடாவில் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்றம், ஒரு மீட்டர்கூட இருக்காது. படிந்த மண் பெரும்பாலும் படிந்தபடியே கிடக்கும்; கரை கிழக்கே நகரும்.

புதிதாக வெட்டிய வாய்க்கால் ஒன்றின் கரையில் கருமண்ணுக்கு நடுவே வெள்ளைச் சிப்பித் துண்டுகள் தெரிந்தன. ஒரு கட்டியை எடுத்து நசுக்கினேன். மண் மாவாக உதிர்ந்தது. சிப்பியின் விளிம்பு விரலைக் கீறியது. தலைக்கு மேலே வாழைத்தார் தொங்குகிறது!

துறைமுகமும் ஆற்றின் பின்னாலேயே நடந்திருக்கிறது. கொற்கை தூர்ந்தபின் காயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ புகழ்ந்த துறை அது. அதுவும் மேடாகி இன்று பழையகாயல், சுற்றிலும் உப்பளம். போர்ச்சுக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல் முன்னுக்கு வந்தது. இன்றைய முகத்துவாரம் அங்கேதான்.

அங்கும் போனேன். வாய்ப்பகுதியில் மணல்திட்டு நீண்டு கிடந்தது. பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் அணைகள் வந்தபின் மேலிருந்து வரும் மணல் அங்கேயே தங்கிவிடுகிறது. ஆற்றில் அள்ளிய மணல் தனிக் கணக்கு. நீரோட்டம் மெலிந்த மாதங்களில் அலையே கடல்மணலைத் திருப்பி வாய்க்குள் தள்ளுகிறது. "மழை வெள்ளம் வந்தால் அடைப்பு உடையும், இல்லாவிட்டால் படகு தட்டும்" என்றார் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர்.

போகிறவர்கள் கொற்கையில் தொடங்கிக் கிழக்கே வாருங்கள், வரிசை புரியும். உப்பளப் பக்கம் நிழலே கிடையாது. காலையிலேயே கடந்துவிடுவது நல்லது.