மூன்று நாள் தள்ளிப் பிறந்தவள்

"கோட் நம்பர் வாங்கிட்டீங்களா?" போன ஆகஸ்டில், இங்கே இங்கிலாந்தில், மகளைச் சேர்க்கப் போன நர்சரியில் கேட்டார்கள். எதிர்வீட்டுப் பெண் ஏற்கெனவே வாங்கியிருந்தாள். அவள் பையனுக்கு ஒன்றரை வயது, என் மகளுக்கு மூன்று ஆகப்போகிறது. இரண்டு வீட்டிலும் புருஷன், பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்தான். அரசாங்க இணையதளத்தில் விண்ணப்பித்தால் பதினோரு இலக்க எண் ஒன்று வரும். அதை நர்சரியில் கொடுத்தால் வாரம் 30 மணி நேரம், வருஷத்தில் 38 வாரம், அரசே பணம் கட்டும். 2025 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் ஒன்பது மாதக் குழந்தைக்கே இது கிடைக்கிறது.

எங்களுக்குக் கிடையாது. அரசின் பொது நிதி உதவிகள் எதையும் பெறக்கூடாது என்று எங்கள் வீசாவில் ஒரு வரி இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்காவது அந்தத் தடை இல்லாமல் இருந்தால்தான் கோட் வரும். மாதம் தவறாமல் வரி கட்டுகிறோம், சம்பளத்தில் பிடிக்கிற நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீடும் கட்டுகிறோம். வீசா வாங்கும்போதே மருத்துவத்துக்கென்று வருஷத்துக்குத் தலைக்கு 1,035 பவுண்டு, பாப்பாவுக்கு 776 என்று மொத்தமாகக் கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினோம். கோட் கிடைக்காது என்று தெரிந்த அன்றைக்கு ராத்திரி இவரிடம் பேசக்கூடப் பிடிக்கவில்லை எனக்கு.

பிறகுதான் தெரிந்தது, மூன்று வயது முடிந்த எல்லாக் குழந்தைக்கும் வாரம் 15 மணி நேரம் உண்டு, வீசா எதுவானாலும் சரி. கோட் வேண்டாம், நர்சரியில் ஒரு படிவம் நிரப்பினால் போதும். ஆனால் பிறந்தநாள் வந்த உடனே கிடையாது, அதற்கடுத்த டெர்மிலிருந்துதான், அதாவது அடுத்த பள்ளிப் பருவத்திலிருந்து. ஆகஸ்ட் 31க்குள் மூன்று முடிந்திருந்தால் செப்டம்பரிலேயே சேரலாம். பாப்பா பிறந்தது செப்டம்பர் 3. ஜனவரி வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "டாக்டர் சொன்ன தேதி ஆகஸ்ட் 28தானட்டி! அன்னைக்கே பெத்திருக்கலாம்லா?" என்றாள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

அந்த நாலு மாசமும் முழுக் காசு கொடுத்து வாரம் மூன்று நாள் அனுப்பினோம். என் சம்பளம் ஏறக்குறைய அப்படியே அங்கே போனது.

சேர்க்கும்போது கொடுத்த தாள்களில் ஒன்றை மட்டும் நான் ரொம்ப நேரம் வைத்திருந்தேன். வீட்டில் குழந்தை சொல்லும் வார்த்தைகளை எழுதச் சொல்லியிருந்தது. மம்மு, தாச்சி, சூச்சூ, தூக்கு. ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் போட்டேன். முதல் நாள் பாப்பா வாசலிலேயே உட்கார்ந்து அழுதபோது, வெள்ளைத்தலை ஊழியர் ஒருவர் குனிந்து "துக்கு?" என்றார். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. 15 மணி நேரம் அரசுக் கணக்கு, மிச்சத்துக்கு நாங்கள் கட்டுகிறோம். சில குழந்தைகளுக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது, அதனால் கடலைமிட்டாய் கொடுத்துவிடக் கூடாது என்றுகூடத் தெரியும். கூப்பிடப் போக நேரமானால் அதற்குத் தனிக் கட்டணம், அதனால் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ஓடுவேன்.

ஓடும்போதெல்லாம் எங்கள் ஊர் பால்வாடி ஆயாதான் ஞாபகத்துக்கு வருவாள். அம்மா சுற்றின பீடியைக் கடையில் போட்டுவிட்டு வர இருட்டிவிடும். ஆயா கதவைப் பூட்டிவிட்டு, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் தெருவரைக்கும் நடந்தே வருவாள். அவள் சேலையில் சத்துமாவு வாசனை அடிக்கும்.