அறுபதுக்கு மேல் முதல் பழனி பாதயாத்திரை: தைப்பூசத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பிள்ளைக்கு நல்லது நடந்தால் நடந்தே வருகிறேன் என்று எப்போதோ முருகனிடம் சொல்லியாயிற்று. வேலை, கல்யாணம், வீட்டுக்கடன் என்று இருபது வருஷம் ஓடிவிட்டது. ஓய்வு பெற்றதும் வேண்டுதல் ஞாபகம் வருகிறது, மாலையைப் போட்டுவிடுகிறார்கள். நடைப்பயிற்சியும் மாலை போட்ட அன்றைக்குத்தான் ஆரம்பம். அங்கேதான் தப்பு.

தைப்பூசம் ஜனவரி பின்பாதியிலோ பிப்ரவரி முன்பாதியிலோ வரும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பயிற்சியை ஆவணியிலேயே தொடங்கியாக வேண்டும். ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்குப் போய்விடும். அந்த நாட்களில் மண்டபத்திலோ மொட்டைமாடியிலோ நடை விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். முதல் மாதம் தினமும் 3 கி.மீ. அதன் பிறகு வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீள நடை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 கி.மீ. கூட்டலாம். ஒவ்வொரு நாலாவது வாரமும் தூரத்தைக் கட்டாயம் குறைத்துக்கொள்ளுங்கள். மார்கழி விடியற்காலைதான் உண்மையான பயிற்சிக் காலம். மாதம் முடிவதற்குள் அடுத்தடுத்து இரண்டு நாள் 12 கி.மீ. நடந்து பார்த்துவிட வேண்டும். ஒரு நாள் வீம்புக்கு யாரும் நடந்துவிடுவார்கள், மறுநாள் காலை எழுந்து மறுபடி நடக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

மாலை போடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஒருவேளைச் சாப்பாட்டு விரதத்தோடு 15 கி.மீ. நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும். நடக்கிற நாட்களுக்கு அளவை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் கேட்க வேண்டும். கால்வலிக்குக் குழுவில் கைமாறும் வலி மாத்திரையை, உடம்பில் நீர் வற்றிய நிலையில் வெறும் வயிற்றில் போட்டால் சிறுநீரகத்துக்குக் கேடு.

வெறுங்கால் விஷயத்தில் வீட்டிலேயே சண்டை வரும். பாதம் மரத்துப்போன சர்க்கரைக்காரர்கள் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. முள் குத்தினாலும் தார் சுட்டாலும் தெரியாது, புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். கிரிவலப் பாதையைக் குளிர்ந்த வேளையில் மட்டும் வெறுங்காலோடு சுற்றுகிறேன் என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். மற்றவர்கள் ஆவணியிலிருந்தே வெறுங்காலில் பழக வேண்டும், காலை 10 மணிக்கு மேல் தார்ச்சாலையில் கால் வைக்கக் கூடாது.

ஷூ போடுகிறவர்கள், கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் வாங்குங்கள், விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். புது வேட்டியின் கஞ்சி தொடையை உரசியே முதல் நாளில் பாதிப் பேரைப் படுக்க வைத்துவிடும். பச்சை வேட்டியை நாலு தடவை துவைத்துக் கட்டுங்கள். உள்ளே முழங்கால்வரை டிரவுசர், தொடையிலும் விரல் இடுக்கிலும் வாசலின். பாதத்தில் ஓரிடம் சூடாகத் தெரிந்தால் அடுத்த பந்தல் வரட்டும் என்று காத்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்டர் ஒட்டுங்கள். அதை அலட்சியம் செய்தால் ஒரு மணி நேரத்தில் கொப்புளம். சின்னக் கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

முதல் தடவைக்குத் திண்டுக்கல்லிலிருந்து கிளம்புவது போதும், சுமார் 60 கி.மீ. நாலு நாளாகப் பிரியுங்கள்: ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு இரவு, ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, பிறகு பழனி. நாளைக்கு முப்பது நாற்பது கி.மீ. போகிற இளவட்டக் குழுவோடு சேர்ந்தால் அவர்கள் வேகம் உங்கள் முழங்காலைத் தின்றுவிடும். குருசாமியிடம் முதலிலேயே பேசி, சாமான் வண்டியில் உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால் பனிமூட்டம் இருக்கும். ஒளிரும் பட்டை முதுகில் இருக்கட்டும், நடைபாதை இருக்கிற இடத்தில் அதை விட்டு இறங்காதீர்கள்.

பெரியவர்களைச் சாய்ப்பது பெரும்பாலும் தூரம் அல்ல, கழிப்பறை. வழியில் எங்கே போவது என்று பயந்து, முக்கியமாகப் பெண்கள், தண்ணீரே குடிப்பதில்லை. பதினோரு மணி வெயிலில் கெண்டைக்கால் இழுத்து, கண் இருட்டிக்கொண்டு வரும். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், பேருந்து நிலையம் எங்கெங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே ஒருவரை வண்டியில் அனுப்பிக் குறித்து வரச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலைக்கு ஒதுக்கும் அரை நாள் வேறு எந்த ஏற்பாட்டையும் விடப் பெரிது. தண்ணீரை வாய் வாயாகக் குடித்துக்கொண்டே போக வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு. அன்னதானப் பந்தல் ஒவ்வொன்றிலும் வயிறு முட்டச் சாப்பிட்டால் நடக்க முடியாது. பாதி வயிறு போதும்.

பூசத்தன்றே போய்ச் சேர வேண்டும் என்று அடம் வேண்டாம். மூன்று நான்கு நாள் முன்னால் போனால் வரிசையில் நிற்கும் நேரம் குறையும். நடந்த காலுக்கு நிற்பது நடப்பதை விடக் கொடுமை. அடிவாரத்தில் செருப்பை இலவசமாக வைத்துக்கொள்கிறோம் என்று கையைப் பிடித்து இழுத்து அர்ச்சனைத் தட்டைத் தலையில் கட்டுவார்கள், சீக்கிரம் தரிசனம் என்று ஒட்டிக்கொண்டு வருவார்கள். முகம் கொடுக்காமல் நடங்கள். செல்போனை மலைக்குக் கொண்டுபோக முடியாது. 2023 அக்டோபர் முதல் தடை. அடிவாரக் காப்பகத்தில் ரசீது வாங்கிக் கொடுங்கள். படி 690-க்கும் மேல். யானைப் பாதை சரிவாக இருப்பதால் அதுவே நல்லது. காற்று பலமாக அடித்தால் ரோப்காரை நிறுத்திவிடுவார்கள், தண்டவாளத்தில் மலையேறும் இழுவை வண்டியான விஞ்சுக்கு வரிசை நீளும்.

மேலே சந்நிதி முன்னால் நிற்க விடுவது சில விநாடிதான். கையில் தண்டோடு அவன் நிற்கிறான், பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், கேட்க நினைத்த எதுவும் வாயில் வராது. பரவாயில்லை. ரெட்டியார்சத்திரம் தாண்டி முகம் தெரியாத ஒருவர் நீட்டிய சொம்புத் தண்ணீரும், இருட்டில் கால் பிடித்துவிட்ட பிள்ளைகளும், இத்தனை வயதில் இந்த முழங்காலைக் கொண்டு ஏற்றிய அவன் கருணையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வரும். கன்னத்தில் போட்டுக்கொண்டு அரோகரா சொல்வதற்குள் வெளிப்பிராகாரம் வந்துவிடும். அப்பனே, போதுமப்பா!

இறங்கும்போதுதான் முழங்காலுக்கு அதிக அடி. படி வழியாகத்தான் இறங்க விடுகிறார்கள் என்றால் கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குங்கள். பஸ்ஸில் காலைத் தொங்கவிட்டுத் தூங்காதீர்கள், மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் தைலம் தேய்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.