லவ் பேர்ட்ஸ் கூண்டில் நான் கட்டிய பானை

தில்லி ஜும்மா மசூதிக்குப் பக்கத்துப் பறவைச் சந்தையில் நான் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கியபோது, கூண்டோடும் தினைப் பொட்டலத்தோடும் கழுத்தில் கம்பி சுற்றிய ஒரு சிறு மண்பானையையும் கடைக்காரர் கேட்காமலேயே எடுத்து வைத்தார். இரவில் இரண்டும் இதற்குள்தான் தூங்கும், பானை இல்லாவிட்டால் பாவம், வீடில்லாமல் தவிக்கும் என்று அவர் இந்தியில் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. மகள் மடியில் கூண்டை வைத்துக்கொண்டு ஆட்டோவில் மயூர் விஹார் வந்து சேர்ந்த அரை மணி நேரத்தில் பானையைக் கட்டி முடித்துவிட்டேன். பச்சை நிறப் பெட்டைக்கு மல்லி என்றும் நீல நிற ஆணுக்கு நீலன் என்றும் மகள் பெயர் வைத்தாள்.

நாம் எல்லோரும் லவ் பேர்ட்ஸ் என்று வாய் நிறைய அழைக்கும் இந்தப் பறவைக்கும் உண்மையான லவ் பேர்டுக்கும் தொடர்பு கிளி இனம் என்ற அளவில்தான். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, வால் குட்டையான, சற்றுப் பருத்த பறவை. நம் வீடுகளில் இருப்பது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியைச் சேர்ந்த பட்ஜெரிகர், சுருக்கமாகப் பட்ஜி. 1805ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஷா என்ற இயற்கையியலாளர் இதை விவரித்து எழுதிவிட்டாலும், உயிருள்ள பறவைகளை 1840இல் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றவர் ஜான் கூல்ட். காட்டில் இருப்பவை பச்சையும் மஞ்சளுமானவை. நீலன் போன்ற நீலப் பறவைகள், மஞ்சள் நிறமி இல்லாமல் பிறந்தவற்றைக் கூண்டில் இனம் பெருக்கியதால் வந்தவை. கிளி வளர்த்தால் வழக்குப் போடுவார்களே என்று கும்பகோணத்திலிருந்து அத்தை தொலைபேசியில் பதறினார். அவர் பயம் பொய்யல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது குற்றம். பட்ஜி நம் நாட்டுக் காட்டுப் பறவை அல்ல என்பதால் அந்தத் தடை இதற்கு இல்லை என்று விளக்கிய பிறகுதான் அவர் சமாதானமானார்.

சட்டத்தைப் படித்த நான் பானையைப் பற்றிப் படிக்கவில்லை. பட்ஜி கூடு கட்டும் பறவையே அல்ல. ஆஸ்திரேலியாவில் அது கூட்டம் கூட்டமாகத் தண்ணீரையும் புல் விதையையும் தேடி அலைகிறது. எங்கே மழை பெய்து புல் விதை பிடிக்கிறதோ அங்கே தங்கி, யூகலிப்டஸ் மரப் பொந்துக்குள் வெறுந்தரையில் முட்டையிட்டு, குஞ்சுகளைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறது. மற்றக் காலங்களில் அது இரவு தூங்குவது மரக்கிளையில்தான். அதாவது பட்ஜிக்குப் பொந்து என்பது படுக்கையறை அல்ல, பிரசவ அறை. கிண்ணம் நிறையத் தினை, பக்கத்தில் ஆண், எதிரில் இருட்டான ஒரு பொந்து, விளக்கு வெளிச்சத்தால் இரவு பத்து மணி வரை நீளும் பகல் ஆகிய நான்கும் சேர்ந்துவிட்டால் அந்தச் சிறிய உடம்பு மழைக்காலம் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். நான் என் வரவேற்பறையில் ஓயாத மழைக்காலம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன்.

பானை கட்டிய மூன்றாவது வாரத்தில், மல்லியின் அலகுக்கு மேலே இருக்கும் மூக்குத்தோல் காய்ந்த சாக்லேட் போல் பழுப்பாகிச் சொரசொரத்தது. நோயோ என்று பயந்தேன். முட்டையிடும் பருவத்துப் பெட்டைக்கு அது இயல்பு என்று பின்னால் தெரிந்தது; ஆணுக்கு அந்த இடம் பெரும்பாலும் நீலமாக இருக்கும். செப்டம்பர் நடுவில் முதல் முட்டை வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாளாக ஐந்து முட்டைகள். மல்லி பானைக்குள்ளேயே கிடந்து அடைகாத்தது. நீலன் வாசலில் தொற்றிக்கொண்டு, தின்றதைத் தொண்டையிலிருந்து எடுத்து அதற்கு ஊட்டியது. ஒரு வாரம் கழித்து, மல்லி தண்ணீர் குடிக்க வந்த நேரத்தில், கைபேசி வெளிச்சத்தை முட்டைக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தோம். நான்கில் சிவப்பு நூலிழைகள் போல நரம்புகள் ஓடியிருந்தன. ஒன்று மட்டும் வெறும் மஞ்சளாகத் தெளிந்து கிடந்தது.

பதினெட்டாம் நாள் வாக்கில் முதல் குஞ்சு வந்தது. மயிர் இல்லாத, கண் திறவாத, சுண்டுவிரல் நுனி அளவுள்ள சிவந்த சதைத் துண்டு. அதற்குள்ளிருந்து அவ்வளவு கூரான கீச்சொலி எப்படி வந்தது என்பது எங்களுக்குப் பிடிபடவே இல்லை. முட்டைகள் இடைவெளி விட்டு இட்டவை என்பதால் பொரிவதும் அப்படித்தான். கடைசிக் குஞ்சு கண் திறவாமல் கிடக்கும்போது மூத்ததற்கு இறகுக் குருத்துகள் முளைக்கத் தொடங்கிவிட்டன. பெரியவை மிதித்துச் சின்னது நசுங்கிவிடுமோ என்று என் மனைவி நாளுக்கு நான்கு முறை எட்டிப் பார்த்தாள். பானையின் வாய் மிகச் சிறியது, கை போகாது. எச்சத்தைச் சுரண்டி எடுக்கவே முடியவில்லை. இனப்பெருக்கம் செய்தே தீருவேன் என்பவர்கள், மேல்மூடி திறக்கும் மரப்பெட்டியில், தரையில் சிறு குழி செதுக்கி, மரத்தூள் பரப்பி வைப்பது நல்லது. வழுக்கும் சமதளத்தில் வளரும் குஞ்சுக்குக் கால்கள் இரு பக்கமும் அகன்று, நிற்க முடியாமல் போய்விடும்.

நான்கும் பிழைத்தன, இரண்டு பச்சை, இரண்டு நீலம். மல்லியின் பெற்றோரில் யாரோ ஒருவரிடமிருந்து நீலத்துக்கான மரபு அதற்குள் ஒளிந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். பச்சைதான் ஓங்கிய நிறம். ஒளிந்திருக்கும் நீலம் இரு பக்கமிருந்தும் வந்தால்தான் குஞ்சில் வெளிப்படும்.

ஆனால் குஞ்சுகள் பானையை விட்டு இறங்குவதற்கு முன்பே மல்லி மாறியது. மூத்த குஞ்சின் பிடரி இறகைக் கொத்திப் பிடுங்கியது. அடுத்த முட்டைக்கு இடம் வேண்டும் என்ற அவசரம் அது. எனக்குப் புரியவில்லை, கோபக்காரி என்று சொல்லிச் சிரித்தோம். குஞ்சுகள் வெளியே வந்ததும் அவற்றுக்கு இரண்டு வாரம் இரையூட்டி, உமி உரிக்கக் கற்றுக்கொடுத்தது நீலன்தான். தாய் அதற்குள் மறுபடி பானைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

இரண்டாவது ஈட்டில் ஆறு முட்டைகள். அவை அடையில் இருந்தபோது தீபாவளி வந்தது. தில்லியின் தீபாவளி இரவை அனுபவித்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. கீழ்த்தளத்தில் யாரோ சரவெடி கொளுத்தியபோது இருட்டில் பறவைகள் இரண்டும் கம்பியில் மோதி மோதி விழுந்தன. மல்லி பானையை விட்டு வெளியே வந்தது, விடியும் வரை உள்ளே திரும்பவே இல்லை. ஆறில் மூன்றுதான் பொரிந்தன. இருட்டில் பயந்த பட்ஜிக்குக் கிளை எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒரு சிறு இரவு விளக்கு எரிந்திருந்தால் அது தட்டுத் தடுமாறியாவது உட்கார்ந்திருக்கும். இப்போது அக்டோபர் முதல் எங்கள் வீட்டில் அந்த விளக்கு அணைவதில்லை. நவம்பர் மாதப் புகையில் பால்கனிக்குப் பறவையைக் கொண்டுபோவதில்லை. பறவையின் நுரையீரல் நம்முடையதைவிட மிகத் திறமையாகக் காற்றை உறிஞ்சுவதால் புகையும் அதற்கு வேகமாகவே ஏறும். ஊதுவத்தியும் கொசுவத்தியும் பறவை இருக்கும் அறையில் கூடாது. நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் மறந்து வைத்துக் காயவிட்டால் வரும், நம் மூக்குக்கு எட்டாத ஆவியே ஒரு கூண்டைச் சில நிமிடங்களில் காலிசெய்துவிடும். இதை அறிந்ததிலிருந்து எங்கள் வீட்டுத் தோசை இரும்புக் கல்லில்தான்.

ஜனவரி முதல் வாரம். வெளியே நான்கைந்து டிகிரி. மூன்றாவது ஈட்டின் இரண்டு முட்டைகள் வந்திருந்தன. மூன்றாவது வரவேண்டிய நாள் மாலை, மல்லி கூண்டின் தரையில், ஒரு மூலையில், பஞ்சு உருண்டை போல் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குளிர் என்று நினைத்து ஒரு துணியைப் போர்த்திவிட்டு நான் செய்தி பார்க்கப் போய்விட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு மகள்தான் கூப்பிட்டாள். மூச்சுக்கு மூச்சு அதன் வால் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது, கண் பாதி மூடியிருந்தது, அடிவயிறு புடைத்திருந்தது. முட்டை வெளியே வர முடியாமல் அடைத்துக்கொண்டுவிட்டது.

செங்கோட்டைக்கு எதிரே சமணக் கோவில் வளாகத்தில் இருக்கும் பறவை மருத்துவமனை முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த மூடுபனியில், அந்த நேரத்தில், அவ்வளவு தூரம் துணியவில்லை. பக்கத்தில் பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரின் எண் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தது. அட்டைப்பெட்டிக்குள் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி வைத்து, அதன் மேல் மல்லியை உட்கார வைத்துக் கொண்டுபோனோம். அவர் சூடான பெட்டியில் வைத்து, கால்சியம் ஊசி போட்டு, அழுத்திப் பிதுக்கிவிடாதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் பறவை போய்விடும் என்று எச்சரித்துக் காத்திருக்கச் சொன்னார். இரவு ஒன்றரை மணிக்கு முட்டை வந்தது. ஓடு இல்லை. ஈரக் காகிதம் போல் நெளிந்த ஒரு தோல் பை.

அவர் போட்ட கணக்கு இன்னும் மறக்கவில்லை. மல்லியின் எடை 34 கிராம். ஒரு முட்டை ஏறத்தாழ 2 கிராம். ஐந்து மாதத்துக்குள் பதின்மூன்று முட்டைகள், அவ்வளவுக்கும் ஓடு கட்டத் தேவையான சுண்ணாம்புச் சத்து அந்த உடம்பிலிருந்தே போயிருக்கிறது. நான் கொடுத்ததோ வெறும் தினை. கடல் நுரை வைத்தீர்களா என்று கேட்டார். அவர் சொன்ன இந்திப் பெயருக்கும் கடல் நுரை என்றுதான் பொருள்; கணவாய் மீனின் ஓட்டுக்கு இரண்டு மொழிக்காரர்களும் ஒரே கற்பனையில் பெயர் வைத்திருப்பதை அந்த நேரத்திலும் என் மனம் குறித்துக்கொண்டது. நான் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பானையைக் கழற்றினேன்.

பானையைக் கழற்றினால் பறவை ஏங்கிப் போகும் என்று பலர் சொன்னார்கள். மூன்று நாள் மல்லி பானை இருந்த மூலையைச் சுற்றியது. நான்காம் நாள் நீலனோடு ஊஞ்சலில் உட்கார்ந்து இறகு கோதத் தொடங்கியது. பானையைக் கழற்றினால் மட்டும் போதாது என்பதையும் படிப்படியாகத்தான் கற்றேன். மாலை ஆறரைக்குக் கூண்டின் மேல் துணி போட்டுப் பகலைக் குறைத்தேன். கிண்ணத்தை ரொப்பி வைப்பதை நிறுத்தி, ஓர் பறவைக்கு நாளுக்கு இரண்டு தேக்கரண்டிக்கு மேல் போகாமல் அளந்து வைக்கிறேன். இங்கே கடைகளில் கங்னி என்று விற்கும் தினையோடு சாமையும் கம்பும் கலந்து, காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கும் முருங்கைக்கீரை ஓர் இணுக்கு, துருவிய கேரட், அல்லது முளைகட்டிய தினை. விதை மட்டுமே தின்று வளரும் பட்ஜிக்கு வைட்டமின் ஏ குறையும், அயோடின் குறைந்து தொண்டைக்கழலை வரும். கீரையைத் தொடவே மல்லிக்கு இரண்டு மாதம் ஆனது. ஈரக்கீரையில் முதலில் புரண்டு குளித்தது, பிறகுதான் தின்றது. அவகாடோவும் சாக்லேட்டும் இதற்கு நஞ்சு. ஒன்றை மட்டும் புதிதாக வளர்ப்பவர்களுக்கு அழுத்திச் சொல்வேன்: கிண்ணம் நிறைந்திருப்பது போல் தெரிந்தால் ஒருமுறை ஊதிப் பாருங்கள். பட்ஜி உமியைக் கிண்ணத்திலேயே உரித்துப் போடும். மேலே உமி, கீழே ஒன்றுமில்லை என்ற நிலையில் பறவை பட்டினி கிடப்பதை ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு நண்பர் வீட்டில் நானே கண்டேன்.

வாரம் ஒருமுறை சமையலறை எடைத்தராசில் இரண்டையும் நிறுத்து எழுதி வைக்கிறேன். பட்ஜி நோயை மறைக்கும் பறவை. கூட்டத்தில் சோர்ந்து தெரிவதைத்தான் பருந்து முதலில் தூக்கும் என்பதால் கடைசி நாள் வரை தெம்பாக இருப்பது போலவே நடிக்கும். இறகு உப்பியிருப்பது கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் பெரும்பாலும் தாமதமாகிவிட்டிருக்கும். தராசு மட்டும் முன்னதாகச் சொல்லும். இரண்டு மூன்று கிராம் இறங்கினாலே நான் மருத்துவரை அழைத்துவிடுவேன்.

ஏழு குஞ்சுகளும் அலுவலக நண்பர்கள் வீடுகளில் வளர்கின்றன. கொடுக்கும்போது பானை கட்டக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். இரண்டு வீடுகளில் கட்டிவிட்டார்கள் என்று கேள்வி. மல்லி முழுக்க அடங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. போன மார்ச்சில், பகல் நீளத் தொடங்கியதும், கூண்டுக்கு வெளியே பறக்கவிடும் ஒரு மணி நேரத்தில் அதைக் காணோம் என்று வீடு முழுவதும் தேடினோம். புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில், இரண்டு அகராதிகளுக்குப் பின்னால் இருந்த இருட்டான இடைவெளிக்குள் வாலை விறைத்துக்கொண்டு உட்கார்ந்து, காகித ஓரத்தைக் கொறித்துக்கொண்டிருந்தது. அகராதிகளைப் பின்னுக்குத் தள்ளி, மீதி இருந்த சந்தில் ஓர் அட்டையை மடித்துச் செருகினேன். மறுநாள் வந்து அந்த அட்டையையும் கொறித்தது.