நடக்காமல் போனதற்கு வவுச்சர் கிடையாது

"நூறு ரூபாய் கொடுத்தால் அதில் எவ்வளவு குழந்தைக்குப் போய்ச் சேரும், சித்தி?" என்று சிங்கப்பூரிலிருந்து அக்கா மகன் கேட்டான். நன்கொடை என்றதும் எல்லோரும் கேட்கிற கேள்விதான். கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், குடும்பத்தில் யார் எங்கே பணம் போடுவதானாலும் காகிதங்கள் முதலில் என்னிடம் வந்துவிடும். சீட்டு நிறுவனம், அடுக்குமாடி முன்பதிவு, கோயில் திருப்பணிக் குழு என்று எல்லாமே வந்திருக்கின்றன. இந்த முறை வந்தது, காவிரி டெல்டாவில் குழந்தைக் கடத்தலைத் தடுக்கிற ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் மூன்று ஆண்டுக் கணக்கு. அவனும் அலுவலக நண்பர்களும் சேர்ந்து கொஞ்சம் பெரிய தொகையாகக் கொடுக்க நினைக்கிறார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. குறையோ நிறையோ, அதை அவர்களிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

கடத்தல் என்றதும் அவன் மனத்தில் இருந்தது மயக்க மருந்தும் வேனும்தான். எங்கள் பக்கத்தில் அதற்கு அவசியமே இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து தென்னையையும் குடிசையையும் சாய்த்துவிட்டுப் போன பிறகு, கூலி வேலையும் இல்லாமல் போன குடும்பங்களுக்குச் சில ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்து, பையன்களை ஆட்டுக்கிடைக்கு அழைத்துப் போனார்கள். ஆடு வயலுக்கு வயல் நகரும். பையனும் கூடவே நகர்வான். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கும். தெற்கே உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன்கள் வட மாநிலங்களில் முறுக்குக் கம்பெனிகளுக்குப் போனதும் இதே வழியில்தான். அழைத்துப் போகிறவர் பெரும்பாலும் தெரிந்தவர், சில சமயம் உறவுக்காரர். அப்பா அம்மாவே சம்மதித்திருப்பார்கள். இதைத் தடுப்பதென்றால் என்ன செய்ய வேண்டும்? ஊர் ஊராகப் போக வேண்டும். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பட்டியலைத் தலைமை ஆசிரியரிடம் கெஞ்சி வாங்க வேண்டும். எந்த வீட்டில் கடன் ஏறியிருக்கிறது, எந்த வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆள் வேண்டும், பஸ் செலவுக்குப் பணம் வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

அதனால்தான் வரவு செலவு அறிக்கையைத் திறந்ததும் அவனுக்கு அதிர்ச்சி. செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சம்பளம். அதற்கடுத்த பெரிய தொகை பயணப்படி. புத்தகப் பை, சீருடை, மதிய உணவு என்று கண்ணுக்குத் தெரிகிற செலவு மிகக் குறைவு. "குழந்தைக்கென்று எதுவுமே வாங்கவில்லையே?" என்றான்.

வாங்க என்ன இருக்கிறது? வாரம் இரண்டு முறை அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிற ஒரு பெண்ணின் சம்பளம்தான் அங்கே குழந்தைக்காகச் செய்கிற செலவு. எந்தக் கணக்கிலும் தடுப்பு வேலையின் பலன் ஒரு வரியாக வராது. மீட்ட குழந்தைக்குக் கோப்பு உண்டு, தேதி உண்டு, முதல் தகவல் அறிக்கை உண்டு. போகாமல் நின்றுவிட்ட குழந்தைக்கு எதுவும் கிடையாது. நடக்காமல் போன ஒன்றுக்கு வவுச்சர் போட எந்தத் தணிக்கையாளராலும் முடியாது. ஆகவே இந்த வகை நிறுவனத்தில் நான் செலவின் விகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால், சம்பளம் வாங்குகிறவர் அன்றைக்கு எங்கே இருந்தார் என்று பார்ப்பேன்.

இதில் சட்டமே ஒரு முடிச்சைப் போட்டு வைத்திருக்கிறது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்ததை, வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டத்தின் 2020 திருத்தம் 20 சதவீதமாகக் குறைத்தது. எது நிர்வாகச் செலவு என்பதற்கு விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. அலுவலக வாடகை, வண்டி ஓட்டும் செலவு, கணக்கெழுதும் செலவு ஆகியவற்றோடு 'சட்டம் மற்றும் தொழில்முறைக் கட்டணம்' என்பதும் அதில் உண்டு. மருத்துவமனையில் மருத்துவர் சம்பளம், பள்ளியில் ஆசிரியர் சம்பளம் போல, நோக்கத்துக்கு நேரடியாகப் பயன்படும் செலவுக்கு மட்டும் விலக்கு. களப்பணியாளரை அந்த ஆசிரியர் வரிசையில் சேர்த்துவிடலாம். வழக்கறிஞரை எங்கே சேர்ப்பது? கடத்தல் வழக்கில் குழந்தையின் பக்கம் நிற்கிற வழக்கறிஞருக்குக் கொடுப்பதும், நிறுவனத்தின் குத்தகைப் பத்திரத்தை எழுதுகிறவருக்குக் கொடுப்பதும் பேரேட்டில் ஒரே தலைப்பில் வந்து விழுந்தால், நல்ல வேலை செய்கிற நிறுவனம் ஊதாரியாகத் தெரியும். இவர்கள் கணக்கர் இரண்டையும் பிரித்து எழுதியிருந்தார். ஒவ்வொரு வழக்குக் கட்டணத்துக்கும் எதிரே வழக்கு எண் இருந்தது. அந்தக் கணக்கரை நான் பார்த்ததில்லை. பார்த்தால் காபி வாங்கிக் கொடுப்பேன்.

2020-21இல் வரவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அவன் இதைக் கண்டு ஏதோ மோசடி நடந்து கொடையாளர்கள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்தான். காரணம் அதே திருத்தம்தான். அதுவரை ஒரு பெரிய நிறுவனம் வெளிநாட்டுப் பணத்தை வாங்கி, இவர்களைப் போன்ற சிறியவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவந்தது. 2020 செப்டம்பர் கடைசியில் அப்படிக் கைமாற்றிக் கொடுப்பதற்கு முழுத் தடை வந்தது. கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடி, பிள்ளைகள் வேலைக்குப் போக ஆரம்பித்த அதே நேரம். அந்த ஆண்டு ஐந்தொகையில் 'கொடுக்க வேண்டிய சம்பளம்' என்று ஒரு தொகை நின்றது. அடுத்த ஆண்டு அது தீர்ந்திருந்தது. எட்டுப் பேர் இருந்த இடத்தில் ஐந்து பேர் மிஞ்சி, பாக்கி வைத்துப் பிறகு வாங்கியிருக்கிறார்கள். ஆண்டறிக்கையின் வழவழப்பான தாளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. நானாக இருந்தால் அட்டையிலேயே போட்டிருப்பேன்.

இரண்டு இடங்களில் பேனாவை நிறுத்தினேன். ஒன்று, அலுவலக வாடகை. அது நிறுவனரின் மனைவிக்குப் போகிறது. தணிக்கைக் குறிப்புகளின் கடைசிப் பக்கத்தில் அதைச் சொல்லியிருந்தார்கள். நான் எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பேன். ஒருவர் சொல்லக் கூச்சப்படுவதெல்லாம் அங்கேதான் இருக்கும். அந்தத் தெருவில் வாடகை என்ன என்று விசாரித்தேன். இவர்கள் கொடுப்பது அதைவிடச் சற்றுக் குறைவு. ஒப்பந்தத்தையும், அறங்காவலர் கூட்டத்தில் அதற்கு ஒப்புதல் கொடுத்த தீர்மானத்தையும் கேட்டேன், அனுப்பினார்கள். தீர்மானம் போட்ட நாளில் நிறுவனர் அறையை விட்டு வெளியே போனதாகக் குறிப்பு இருந்தது. சரி.

இன்னொன்று, நிரந்தர வைப்பு. ஏறக்குறைய ஏழு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்கிறது. "பணம் வைத்துக்கொண்டே கேட்கிறார்களே" என்று இவன் குறைப்பட்டான். அறக்கட்டளைகள் ஒரு வருட வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவிட வேண்டும், இல்லாவிட்டால் எதற்காகச் சேர்க்கிறோம் என்று வருமான வரித் துறைக்குச் சொல்லிவிட்டு ஐந்தாண்டுக்குள் செலவிட வேண்டும் என்பது விதி. அந்த வரம்புக்குள்தான் இருக்கிறார்கள். 2020இல் சம்பளம் கொடுக்க முடியாமல் தவித்தவர்கள் ஏழு மாதத்துக்குச் சேர்த்து வைத்திருந்தால் அது பேராசை இல்லை. கையில் ஒரு மாதப் பணம்கூட இல்லாத நிறுவனத்துக்குத்தான் நான் கொடுக்கத் தயங்குவேன்.

இதற்கிடையே அவனுடைய நண்பர் ஒருவர் வேறொரு பெரிய நிறுவனத்தைச் சிபாரிசு செய்தார். நிர்வாகச் செலவு நூற்றுக்கு ஏழு ரூபாய்தானாம். ஒரு குழந்தையை மீட்க இவ்வளவு ரூபாய் என்று கச்சிதமாக ஒரு தொகையும் போட்டிருந்தார்கள். அறிக்கையைப் பிரித்தால் மீட்கப்பட்ட குழந்தைகளின் முகங்கள், பளிச்சென்று, பெயரோடு. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. அங்கேயே மூடி வைத்திருக்கலாம். பழக்க தோஷம், எண்ணிக்கையையும் பார்த்தேன். ரயில் நிலையத்தில் பாதுகாப்புப் படையினர் ஒரு சிறுவனைக் கண்டுபிடிக்கிறார்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அங்கிருந்து இல்லத்துக்குப் போகிறான், பிறகு ஊருக்கு. நான்கு இடத்திலும் நான்கு பேர் உடன் இருந்திருப்பார்கள். நான்கு பேரும் ஆண்டறிக்கையில் ஒரு குழந்தையை மீட்டதாக எழுதலாம். யார் எழுதியதும் பொய்யாகாது. மொத்தச் செலவை இந்த எண்ணால் வகுத்து வருகிற 'ஒரு குழந்தைக்கான செலவு' எதற்கு உதவும்? அதோடு அந்த நிறுவனம் இல்லமும் நடத்துகிறது. இல்லத்துக்கு மானியம் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. குழந்தையை வீட்டுக்கு அனுப்பினால் மானியம் குறையும். வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்க மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை இருக்கிறது. அதைக் குடும்பங்களுக்கு வாங்கித் தந்ததைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு சொல்கூட இல்லை.

இந்தத் துறையில் கதைக்குத்தான் பணம் வருகிறது என்பதை உலகம் ஒரு முறை விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. கம்போடியாவின் சோமாலி மாம் பெயரில் அமெரிக்காவில் ஒரு அறக்கட்டளை பெருமளவு நிதி திரட்டியது. அவர் சொன்ன சொந்த வாழ்க்கைக் கதை உண்மையா என்று 2014இல் நியூஸ்வீக் இதழ் கேள்வி எழுப்பியது. அவர் மே மாதம் பதவி விலகினார். அக்டோபரில் அறக்கட்டளையே மூடப்பட்டது. பொய் சொல்லவில்லை என்று அவர் மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்பது எனக்கு இங்கே முக்கியமில்லை. ஒருவரின் கதையை நம்பி நடக்கிற நிறுவனத்தில், அந்தக் கதை ஆட்டம் கண்டால் கடைசியில் தெருவில் நிற்பது அங்கே தங்கியிருக்கிற பெண்களும் குழந்தைகளும்தான். ஆகவே டெல்டாக்காரர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி: நிறுவனர் இல்லாத நாளில் காசோலையில் யார் கையெழுத்திடுவார்?

இவர்களை நான் நம்பத் தொடங்கியது ஐந்தொகையால் இல்லை. ஒரு கோடு போட்ட நோட்டைப் பார்த்துத்தான். நேரில் போனபோது இயக்குநர், முப்பதுகளில் இருக்கிற பையன், "மேடம், இது தணிக்கைக்கு உரியது இல்லை" என்று தயங்கித்தான் காட்டினார். பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணும். கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் கோட்டாட்சியர் விடுதலைச் சான்று கொடுத்த தேதி, உடனடி உதவித் தொகை 30,000 ரூபாய் வங்கியில் ஏறிய தேதி, பள்ளியில் திரும்பச் சேர்ந்த தேதி, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குக் கொடுக்கும் பதிவு எண்). அதற்குப் பக்கத்தில் ஆறு மாதத்துக்கொரு முறை ஒரு குறி: பள்ளியில் இருக்கிறான், இருக்கிறான், இல்லை. 'இல்லை' என்று எழுதத் துணிந்த நோட்டு அது. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டத்தில் கொத்தடிமைக் குழந்தைக்கு 2 லட்சம், மோசமான சுரண்டலென்றால் 3 லட்சம் வரை உண்டு. ஆனால் முழுத் தொகை தண்டனைத் தீர்ப்போடு கட்டப்பட்டிருக்கிறது. தீர்ப்பு வரும்வரை சாட்சியை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போய் வருவதற்குத்தான் அந்தப் பயணப்படி. குடும்பத்தின் கைக்கு வந்த அந்த அரசுப் பணத்தில் ஒரு ரூபாய்கூட இவர்கள் வரவு செலவில் தெரியாது. சான்று கிடைக்காமல் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கிற மனுக்களின் பட்டியலும் பின் அட்டையில் இருந்தது, நீளமாக.

பணம் அனுப்புவதில் ஒரு வேடிக்கை. அவன் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறான். சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது, நிறுவனத்தின் உள்ளூர்க் கணக்குக்கே போகலாம். அவன் மனைவி போன வருடம் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டாள். அவள் கொடுக்கிற பணம் புதுதில்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் போக வேண்டும். ஒரே வீட்டு உண்டியல், இரண்டு சட்டம். கூட்டுக் கணக்கிலிருந்து அனுப்பிவிடாதே என்று இரண்டு முறை சொன்னேன். நிறுவனமே கடவுச்சீட்டு நகலைக் கேட்டது. கேட்காமல் வாங்கிக்கொண்டிருந்தால் யோசித்திருப்பேன்.

நண்பர்கள் குழு பத்து டேப்லெட் வாங்கித் தரலாம் என்றது. பெட்டியைப் பிரிக்கிற படம் கிடைக்கும் என்பதைத் தவிர அதனால் என்ன பயன் என்று எனக்குப் புரியவில்லை. நான் எழுதி அனுப்பியது இவ்வளவுதான்: இரண்டு ஆண்டுக்கு ஒரு களப்பணியாளரின் சம்பளம், வழக்குக்குப் போகிற பயணப்படி, வேறு நிபந்தனை வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை அந்த நோட்டின் சுருக்கத்தைக் கேளுங்கள், 'இல்லை'களையும் சேர்த்து.

முதல் தவணை போய்விட்டது. இரண்டாவதை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன். கடைசி ஆண்டில் 'பயிற்சிச் செலவு' முந்தைய ஆண்டைப் போல இரண்டு மடங்கு. விவரம் கேட்டால் "கிராமக் குழுக்களுக்கு" என்ற பதில் மட்டும் வந்தது. எத்தனை குழு, எந்த ஊர், சாப்பாட்டு பில் யார் பெயரில் என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். செப்டம்பரில் தணிக்கை முடிந்ததும் பேரேட்டு நகல் தருவதாக இயக்குநர் சொல்லியிருக்கிறார்.