மறதி என்று சொல்வதெல்லாம் மறதி இல்லை

நாள்பட்ட நோயோடு வாழ்பவர்கள் அடிக்கடி சொல்வது: "எதுவுமே ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது." துருவிக் கேட்டால், பல நேரம் சிக்கல் நினைவில் இல்லை, கவனத்தில். வலியும் தூக்கக் குறைவும் கவனத்தைத் தின்றுவிட்டால் கேட்டது பதிவதே இல்லை. பதியாதது எப்படித் திரும்ப வரும்?

மறந்த விஷயத்துக்கு ஒரு சின்னத் துப்பு கொடுத்துப் பாருங்கள். சட்டென்று வந்தால் பதிவு இருக்கிறது, எடுப்பதில்தான் தாமதம். சத்தமில்லாத இடத்தில், நிதானமாகக் கவனித்துக் கேட்ட விஷயமும்கூட, துப்பு கொடுத்த பிறகும் சுத்தமாக வரவில்லை, அதுவும் திரும்பத் திரும்ப என்றால், நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

"வயசாச்சு" என்று முடிவு கட்டுவதற்கு முன் தைராய்டும் வைட்டமின் பி12-ம் பார்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். இரண்டில் எது குறைந்தாலும் மனச்சோர்வு, மந்தம், மறதி மூன்றும் வரலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. சர்க்கரைக்காகப் பல வருடம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது சாதாரணம். தூக்கத்தைக் கெடுத்து கவனத்தைக் குலைக்கும் இன்னொன்று, குறட்டையோடு இரவில் மூச்சு நின்று நின்று வருவது; அது இருக்கிறதா என்பதைப் பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல முடியும்.

அடுத்து மாத்திரைகள். வலிப்புக்கான டோபிரமேட் வார்த்தை கிடைக்காமல் தடுமாற வைக்கும். இன்னொரு வலிப்பு மாத்திரையான லெவெடிராசிட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பும். அமிட்ரிப்டிலின், டிரைஹெக்ஸிஃபெனிடில், ஆக்ஸிபியூட்டினின் போன்றவை நினைவுக்கு உதவும் மூளை வேதிப்பொருளான அசிடைல்கோலினைத் தடுப்பதால் நினைவை மங்கலாக்கும், முதியவர்களுக்கு இன்னும் அதிகமாக. ஆனால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென விட்டால் வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைக் குறைக்கவோ மாற்றவோ முடியுமா என்று கேட்பதே சரி.

மனச்சோர்வைக் கண்டுபிடிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிஎச்க்யூ-9 என்ற 9 கேள்விப் பட்டியலில் சோர்வு, தூக்கம், பசி, கவனம், அசைவில் மந்தம் ஆகிய ஐந்தும் நோயாலேயே வரக்கூடியவை. அதனால் மொத்த மதிப்பெண்ணை மட்டும் நம்பக் கூடாது. மனம் கனத்துக் கிடக்கிறதா, பிடித்தது பிடிக்காமல் போனதா, "நான் எல்லோருக்கும் பாரம்" என்ற எண்ணம் வருகிறதா என்பவைதான் எனக்கு முக்கியம். சாகும் எண்ணம் வந்தால் மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

நடுக்கம் தரும் மூளை நோயான பார்க்கின்சனில் மனச்சோர்வு நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வரலாம். சோகமே இல்லாமல் முனைப்பு மட்டும் வற்றிப்போவதும் உண்டு; வீட்டார் அதைச் சோம்பல் என்று திட்டுவது பெரிய அநியாயம்.

இதையெல்லாம் பிரித்தறிய ஒரு வாரக் குறிப்பு போதும். நேரம், மாத்திரை, சாப்பாடு, தூங்கிய மணி, மனநிலைக்கு 0 (மிக மோசம்) முதல் 10 (மிக நன்று) வரை ஓர் எண். உதாரணமாக: பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரை காலை 8 மணிக்கு, 11.30-க்குக் காரணமில்லாத படபடப்பு, எண் 2, 12 மணிக்கு அடுத்த மாத்திரை, 12.45-க்கு எண் 6. நான்கு நாள் இப்படியே வந்தால், மருந்தின் வேகம் இறங்கும்போது வரும் பதற்றமாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்சுலின் போடுபவருக்குப் படபடப்பு வந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை.

சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென்று குழப்பம் வந்தால் மட்டும் குறிப்பு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். தொற்று, உப்புச்சத்துக் குறைவு, பக்கவாதம் எதுவாகவும் இருக்கலாம். மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.